மிஞ்சிய நூல், பழைய சேலை, டி-சட்டை: கொக்கிப் பின்னலில் கைவினைப் பரிசுகள்

ஓரம் நைந்த பருத்திச் சேலை, நிறம் மங்கிய டி-சட்டை, எப்போதோ பின்னிவிட்டு மிஞ்சிய நூலுருண்டை, அடுப்படியில் மடித்துச் செருகிய நெகிழிப் பைகள். தோட்டப்புற வீடானாலும் பட்டணத்து அடுக்குமாடி வீடானாலும் இவற்றில் ஒன்றிரண்டாவது இருக்கும். ஒரு கொக்கி ஊசியும் ஒரு கத்தரிக்கோலும் இருந்தால் இவற்றைக் கைப்பையாக, சுருக்குப் பையாக, சாவிக்கொத்தாக, கால்மிதியாக மாற்றிவிடலாம்.

குரோஷே எனப்படும் கொக்கிப் பின்னல் இதற்குப் பொருத்தமான கைத்தொழில். ஆனால் எந்தப் பொருள் எதற்கு உதவும் என்று தெரியாமல் பின்னினால், பல நாள் உழைப்பு சில மாதங்களில் உதிர்ந்து போகும். விற்பனைக்குச் செய்பவர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. பொருள் இலவசமாகக் கிடைத்தது என்பதற்காக உழைப்பையும் இலவசமாகக் கொடுத்து விடுகிறார்கள்.

கொக்கிப் பின்னல் என்றால் என்ன?

'குரோஷே' என்பது பிரெஞ்சுச் சொல். சிறு கொக்கி என்பது அதன் பொருள். கம்பளி ஆடை பின்னுவதற்கு இரண்டு ஊசிகள் தேவை. ஊசியில் வரிசையாகப் பல கண்ணிகள் தொங்கும். கொக்கிப் பின்னலுக்கு ஒரே ஊசி போதும். ஒரு கண்ணியை முடித்த பிறகுதான் அடுத்த கண்ணிக்குப் போக வேண்டும். அதனால் சோறு கொதிக்கும்போது கீழே வைத்துவிட்டு, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வீட்டு வேலைக்கு நடுவே பெண்கள் இதை விரும்பிச் செய்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

1840களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பெரும் பஞ்சம் வந்தபோது, கன்னியர் மடங்களிலும் பிற இடங்களிலும் பெண்களுக்குக் கொக்கிப் பின்னல் கற்றுத் தரப்பட்டது. அவர்கள் பின்னிய சரிகைப் பின்னல் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. துணி நெய்யவும் கம்பளி பின்னவும் இயந்திரங்கள் வந்துவிட்டன. அசல் கொக்கிப் பின்னலோ இன்றும் கையால் செய்யும் வேலையாகவே இருக்கிறது. கடையில் விலை மலிவாகத் தொங்கும் குரோஷே பையைக்கூட யாரோ ஒருவர் கையால்தான் பின்னியிருப்பார்.

வாங்க வேண்டியவை

தையல் பொருள் கடையில் மலாய் மொழியில் 'ஜாரும் காயிட்' என்று கேட்டால் கொக்கி ஊசி கிடைக்கும். பின்னல் நூலுக்கு 'பெனாங் காயிட்'. ஊசியின் பருமன் மில்லிமீட்டரில் குறிக்கப்பட்டிருக்கும். நடுத்தரப் பருமனுள்ள நூலுக்கு 4 மில்லிமீட்டர், நெகிழிப் பை இழைக்கு 6 முதல் 8, டி-சட்டை இழைக்கு 8 முதல் 10 மில்லிமீட்டர் ஊசி சரியாக இருக்கும். இழையின் நுனிகளைப் பின்னலுக்குள் மறைத்து முடிக்க, முனை மழுங்கிய பெரிய ஊசி ஒன்றும் வேண்டும்.

சங்கிலிக் கண்ணி, ஒற்றைக் கண்ணி, நெடுங்கண்ணி ஆகிய மூன்றும் கைக்கு வந்துவிட்டால் கீழே சொல்லப்படும் பொருள்களைப் பின்னிவிடலாம். காணொளி பார்த்துக் கற்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க முறையில் 'சிங்கிள் குரோஷே' எனப்படும் அதே கண்ணியை பிரிட்டிஷ் முறையில் 'டபிள் குரோஷே' என்பார்கள். எந்த முறை என்று தெரியாமல் தொடங்கினால் அளவு மாறிப்போகும்.

டி-சட்டையிலிருந்து இழை

சட்டையைத் தரையில் விரித்து, அக்குளுக்குக் கீழே குறுக்காக வெட்டி மேற்பகுதியை எடுத்துவிட வேண்டும். கீழே மடித்துத் தைத்த ஓரத்தையும் நீக்கினால் குழாய் போன்ற துணி மிஞ்சும். அதன் ஒரு பக்க ஓரத்தை மறுபக்கம் நோக்கி மடித்து, மறுபக்கத்தில் 3 சென்டிமீட்டரை வெளியே விட வேண்டும். மடித்த பக்கத்திலிருந்து 2.5 சென்டிமீட்டர் இடைவெளியில் வெட்டிக்கொண்டே வரலாம். வெளியே விட்ட 3 சென்டிமீட்டரை மட்டும் வெட்டக்கூடாது. பிறகு துணியைப் பிரித்து, வெட்டாமல் விட்ட பகுதியில் ஒரு வெட்டின் முனையிலிருந்து அடுத்த வெட்டின் முனைக்குச் சாய்வாக வெட்டினால் அறுபடாத ஒரே இழை கிடைக்கும். அதைச் சற்று இழுத்தால் ஓரங்கள் உள்நோக்கிச் சுருண்டு கயிறு போலாகும். படம் அச்சிட்ட பகுதி சுருளாது. அதைத் தவிர்ப்பது நல்லது.

50 சென்டிமீட்டர் அகலமும், வெட்டிய பின் 40 சென்டிமீட்டர் உயரமும் உள்ள சட்டையில் 16 சுற்று வரும். இழுப்பதற்கு முன் அது சுமார் 16 மீட்டர் இழை. குவளைகளுக்கான இரண்டு மூன்று அடிவிரிப்புகளுக்கு ஒரு சட்டை போதும். நடுத்தரக் கைப்பை என்றால் ஐந்தாறு சட்டைகள் வேண்டும்.

பருத்திச் சேலை

இழை கணக்கில் சேலையை மிஞ்சுவது எதுவும் இல்லை. 5.5 மீட்டர் நீளச் சேலையில் கரையை நீக்கிய பிறகு 90 சென்டிமீட்டர் அகலம் மிஞ்சினால், 3 சென்டிமீட்டர் பட்டையாக 30 பட்டைகள் வரும். மொத்தம் 165 மீட்டர். கத்தரிக்கோலால் சிறிது வெட்டிவிட்டுக் கையால் கிழித்தாலே பருத்திச் சேலை நீளவாக்கில் நேராகக் கிழியும். முனைக்கு ஒன்றரைச் சென்டிமீட்டர் இருக்கும்போது நிறுத்தி, அங்கிருந்து அடுத்த பட்டையைத் திருப்பிக் கிழித்தால் முடிச்சே இல்லாத நீண்ட இழையாக வரும்.

கால்மிதிக்கு இந்தப் பட்டை சரி. சுருக்குப் பைக்குப் பட்டையின் அகலத்தைப் பாதியாக்கி, 5 மில்லிமீட்டர் ஊசியால் பின்ன வேண்டும். மறைந்த பாட்டியின் சேலையைப் பெட்டியிலேயே வைத்துப் பூச்சிக்குக் கொடுப்பதைவிட, பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அதிலிருந்து ஒரு சுருக்குப் பை பின்னிக் கொடுக்கலாம். வெற்றிலையும் சில்லறையும் வைத்து அவர் இடுப்பில் செருகியிருந்த பையின் வடிவமே அது.

நெகிழிப் பை

பினாங்கில் கடைகள் நெகிழிப் பையை இலவசமாகக் கொடுக்கும் வழக்கம் 2011இல் முடிவுக்கு வந்தது. சிங்கப்பூரின் பெரிய பேரங்காடிகளில் 2023 ஜூலை 3 முதல் ஒரு பைக்குக் குறைந்தது 5 காசு கட்டணம். எனினும் முன்பே சேர்ந்துவிட்ட பைகள் பல வீடுகளில் இருக்கின்றன.

பையின் கைப்பிடியையும் அடி ஒட்டையும் நீக்கி, 3 சென்டிமீட்டர் அகல வளையங்களாக வெட்ட வேண்டும். ஒரு வளையத்தை மற்றொன்றுக்குள் நுழைத்து, அதன் வழியாகவே இழுத்தால் இரண்டும் கோத்துக்கொள்ளும். 30 சென்டிமீட்டர் அகலமுள்ள பையில் ஏறக்குறைய 13 வளையம், கோத்தால் மூன்றரை மீட்டர் இழை. சந்தைக்கு மீன் வாங்கப் போகும் பை ஒன்றுக்கு 30க்கும் மேற்பட்ட பைகள் பிடிக்கும்.

மக்கும் பை என்று அச்சிட்டவற்றை ஒதுக்கிவிட வேண்டும். அவை சில காலத்தில் தாமாகவே செதில் செதிலாக உதிரும். பின்னி முடித்த பையையும் வெயிலில் காயப்போடாமல் நிழலில் உலர்த்துவது நல்லது.

மிஞ்சிய நூலைத் தரம் பிரித்தல்

பேச்சு வழக்கில் கம்பளி நூல் என்று சொன்னாலும், கடைகளில் மலிவாகக் கிடைப்பதில் பெரும்பகுதி அக்ரிலிக் எனும் செயற்கை இழை. சிட்டை இல்லாத நூலில் ஒரு சிறு துண்டை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேல் கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். கம்பளி தலைமுடி கருகும் வாடை வீசும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான மணியாகும்.

இந்தச் சோதனை விளையாட்டல்ல. சூடான சட்டி பிடிக்கும் துணியையும் சட்டிக்கு அடியில் வைக்கும் விரிப்பையும் பருத்தியில் மட்டுமே பின்ன வேண்டும். அக்ரிலிக், நெகிழி, பாலியெஸ்டர் சேலை ஆகியவை சூட்டில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். தீபாவளி அகல் விளக்குக்கு அடியில் எந்தப் பின்னல் விரிப்பும் வேண்டாம். கைக்குழந்தைக்குப் பொம்மை பின்னினால், கண்ணுக்குப் பொத்தானோ மணியோ வைக்காமல் நூலாலேயே தைத்துவிட வேண்டும்.

வெவ்வேறு நிற நூல்களைச் சேர்க்கும்போது பருமன் ஒன்றாக இருந்தால் போதும். சதுரத் துண்டுகளாகப் பின்னி இணைத்தால் போர்வை ஆகும். ஒரு கைப்பிடி நூல் மட்டும் இருந்தால் தலைமுடிப் பட்டை, பூ, சாவிக்கொத்து ஆகியவற்றைப் பின்னலாம். அதற்கும் உதவாத துணுக்குகளைப் பொம்மைக்குள் அடைக்கலாம்.

விலை வைப்பது எப்படி?

ஆந்திரப் பிரதேசத்தின் நரசாப்பூர் வட்டாரத்தில் 19ஆம் நூற்றாண்டில் கிறிஸ்துவ மிஷனரிகள் வழி கொக்கிப் பின்னல் பரவியது. அங்குள்ள பெண்களை ஆராய்ந்து மரியா மீஸ் எனும் ஜெர்மானிய சமூகவியலாளர் 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். நாள்தோறும் பல மணி நேரம் அவர்கள் பின்னினாலும், அது இல்லத்தரசிகளின் ஓய்வு நேர வேலை என்றே கருதப்பட்டதால் கூலி மிகக் குறைவாக இருந்ததை அந்நூல் காட்டியது. அவர்களின் சரிகைப் பின்னல் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியானது. 2024இல் நரசாப்பூர் பின்னலுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அதே தவறு இங்கும் நடக்கிறது. 'சும்மாதானே இருக்கிறீர்கள், பழைய துணிதானே' என்று சொல்லி 10 வெள்ளிக்குப் பை கேட்பவர்கள் உண்டு. மலேசியாவில் 2025இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, மணிக்கு 8 வெள்ளி 72 காசு. ஒரு பையைப் பின்ன 6 மணி நேரம் ஆகுமானால், குறைந்தபட்சக் கூலியே 52 வெள்ளி. துணி வெட்டி இழையாக்கும் நேரத்தையும் அதில் சேர்க்க வேண்டும்.

திருமணத்திற்கு 300 தாம்பூலப் பைகள் கேட்டு யாராவது வந்தால், ஒப்புக்கொள்ளும் முன் ஒரு பையைப் பின்னி நேரம் பார்ப்பது அவசியம். ஒன்றுக்கு 40 நிமிடம் என்றாலும் மொத்தம் 200 மணி நேரம். நாளுக்கு 4 மணி நேரம் பின்னினால் 50 நாள் பிடிக்கும். குறைந்தபட்சக் கூலி 1,744 வெள்ளி, அதாவது ஒரு பைக்குச் சுமார் 5 வெள்ளி 81 காசு. இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினால் வாடிக்கையாளருக்கும் புரியும். பணமோ நாளோ போதாது என்றால், மணமக்களின் நெருங்கிய உறவினர் 30 பேருக்கு மட்டும் பின்னித் தரலாம்.

பரிசாகக் கொடுத்தாலும் விற்றாலும், எந்தப் பொருளில் பின்னியது, எப்படித் துவைப்பது, சூட்டுக்கு அருகில் வைக்கலாமா என்பதை ஒரு சிறு அட்டையில் எழுதிக் கட்டிவிட வேண்டும். பின்ன எத்தனை மணி நேரம் ஆனது என்பதையும் அதே அட்டையில் ஒரு வரியாகச் சேர்க்கலாம். அந்த வரியைப் படிப்பவர் அடுத்த முறை விலை குறைத்துக் கேட்கும் முன் சற்று யோசிப்பார்.