கரந்துறைச் செய்யுளின் ஓய்வு: காவிரிப் படுகையில் மறைபொருட் புதிராக்கம் அருகிய வரலாறு

திறவுச்சொற்கள்: சித்திரகவி, கரந்துறைச் செய்யுள், யமகம், திருவாவடுதுறை, கும்பகோணம், மறைபொருள் தேடும் கணினி விளையாட்டு

முன்னுரை

கும்பகோணத்தை அடுத்த தாராசுரத்தில், இரண்டாம் இராசராசன் காலத்தில் எழுந்த ஐராவதேசுவரர் கோயிலில், யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்து நிற்கும் சிறிய புடைப்புச் சிற்பம் ஒன்று உள்ளது. ஓர் உடலை மறைத்து நோக்கினால் யானை தெரியும். மற்றதை மறைத்தால் காளை தெரியும். இருப்பதை எல்லாம் கண்முன் வைத்துவிட்டு, காண்பதை மட்டும் பார்ப்பவரிடம் விட்டுவிடும் இவ்வுத்தியைச் சிற்பி கல்லில் கையாண்ட அதே 12ஆம் நூற்றாண்டில், புலவர் அதனை எழுத்தில் கையாண்டனர். ஒரு செய்யுளுக்குள் மற்றொரு செய்யுளை ஒளித்துவைக்கும் கரந்துறைச் செய்யுளும் காதைகரப்பும் தண்டியலங்காரத்தில் இலக்கணம் பெற்றன.

இவ்வகைப் பாடல்கள் பிற்காலத்தில் ஏன் இயற்றப்படாமற் போயின என்ற வினாவிற்கு இலக்கிய வரலாறுகள் ஆயத்தமான விடை ஒன்றை வைத்துள்ளன. சொல் விளையாட்டில் மக்கள் சலித்தனர், எளிமையை நாடும் புதுக்கவிதையுணர்வு எழுந்தது, பழையது உதிர்ந்தது என்பதே அவ்விடை. இக்கட்டுரை அதனை ஏற்கவில்லை. புதிரை அவிழ்ப்போரின் ஆர்வம் குன்றியதால் அன்று, புதிரை ஆக்குவோரை உருவாக்கிய கல்விமுறை மாறியதாலேயே இவ்வாக்கம் நின்றது என்பதும், அம்மாற்றம் காவிரிப் படுகையிலேயே, பாரதியின் காலத்திற்கு முன்பே தொடங்கிவிட்டது என்பதும் இங்கு முன்வைக்கப்படுகின்றன. கணினியில் மறைபொருள் தேடும் புதிர் விளையாட்டுகளின் புதுவரவு அண்மை ஆண்டுகளில் அருகிவருவது இதற்கு ஓர் ஒப்புமையாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

படுகையும் கரப்பும்

தண்டியலங்காரச் சொல்லணியியல் கோமூத்திரி தொடங்கி அக்கரச்சுதகம் ஈறாகப் 12 சித்திரகவிகளை எண்ணுகிறது. அவற்றுள் மூன்று நேரடியாக ஒளித்தலும் தேடலும் பற்றியவை. காதைகரப்பில் ஒரு செய்யுளின் இறுதியிலிருந்து ஓரெழுத்து விட்டு ஓரெழுத்தாகப் படித்துச் செல்ல, வேறொரு செய்யுள் வெளிப்படும். கரந்துறைச் செய்யுளில் மற்றொரு செய்யுளுக்குரிய எழுத்துகள் பரந்து கிடக்கும். அவற்றைப் பொறுக்கிச் சேர்த்தல் வேண்டும். வினாவுத்தரத்தில் ஒரு சொல்லின் துண்டுகள் பல வினாக்களுக்குத் தனித்தனி விடையாகி, முழுச்சொல் இறுதி வினாவுக்கு விடையாகும். அந்நூலின் மேற்கோட் பாடல்கள் சிலவற்றில் அநபாயன் என்னும் சோழன் பெயர் வருவது, இந்நூல் எவ்வரசின் நிழலில் வழங்கியது என்பதைக் காட்டும்.

இலக்கணத்திற்கு முன்பே இலக்கியம் இருந்தது. சீர்காழியில் தோன்றிய திருஞானசம்பந்தர் 7ஆம் நூற்றாண்டிலேயே மாலைமாற்று, ஏகபாதம், கோமூத்திரி, எழுகூற்றிருக்கை ஆகியவற்றைப் பாடினார். எழுகூற்றிருக்கையின் நிலவியல் தனித்துக் குறிப்பிடத்தக்கது. சம்பந்தருடையது சீர்காழியையும், திருமங்கையாழ்வாருடையது கும்பகோணத்து ஆராவமுதனையும், அருணகிரிநாதருடையது சுவாமிமலையையும் பாடுகின்றன. சைவம், வைணவம், முருக வழிபாடு மூன்றும் இவ்வடிவத்தைப் படுகையின் ஊர்களுக்கே அளித்துள்ளன. தஞ்சை நாயக்கர் அவையிலும் இம்மரபு வடமொழி வழியே தொடர்ந்தது. இராமபத்திராம்பா இயற்றிய ரகுநாதாப்யுதயம், அவைப் பெண்டிர் சித்திரம், பந்தம், கர்ப்பம், ஆசு ஆகிய கவிகளில் வல்லவராயிருந்ததைப் போற்றுகிறது. கர்ப்பம் என்பது செய்யுளின் வயிற்றில் செய்யுள் வைப்பதாகும்.

விடை எவரிடம் இருந்தது

ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபாடின்றி எழுதப்பட்டன. காலும் ரகரமும் ஒரே வடிவின. சொற்களுக்கிடையே இடைவெளியும் இல்லை. ஆகவே எந்தச் செய்யுளும் ஓலையில் ஓரளவு புதிரே. சித்திரகவி அவ்வியல்பான இடர்ப்பாட்டை வேண்டுமென்றே மிகுவித்தது எனலாம். பழைய உரை கரந்துள்ள செய்யுளைச் சொல்லிவிடுகிறதே என்ற மறுப்பு எழக்கூடும். சொல்கிறது, உண்மை, ஆயினும் உரையோலை ஆசிரியர் கையில் இருந்தது. எப்போது விடையைச் சொல்வது, எவ்வளவு நேரம் மாணாக்கனைத் தவிக்கவிடுவது என்பதை முடிவுசெய்தவர் அவரே.

யமகமும் திரிபும் இலக்கண வரையறைப்படி மடக்கின் பாற்படுவன, சித்திரகவி அல்ல. எனினும் அவற்றில் ஒளிந்திருப்பது சொல்லின் எல்லை. ஒரே எழுத்துத்தொடர் நான்கடியிலும் வர, ஒவ்வோரடியிலும் அதனை வெவ்வேறாகப் பிரிக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் படுகையின் மடங்களில் மிகுதியாகப் பயிலப்பட்டது இந்த எளிய உறவினமே. திருவாவடுதுறை ஆதீன வித்துவானாகிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) திரிபந்தாதியும் யமகவந்தாதியுமாகப் பல இயற்றினார். 1871இல் மாயூரத்தில் அவரிடம் மாணவராகச் சேர்ந்த உ. வே. சாமிநாதையருக்குத் தொடக்கத்தில் கற்பிக்கப்பட்டவற்றுள் பிள்ளையவர்களின் திருக்குடந்தைத் திரிபந்தாதியும் ஒன்று. இத்தகைய நூல்களைப் பிரித்துப் பொருள் காணப் பழகியவன், சில ஆண்டுகளில் தானே அவ்வாறு பாடத் தொடங்குவான். அவிழ்த்தல் பயிற்சியும் ஆக்கப் பயிற்சியும் ஒரே பாடத்தின் முன்பாதியும் பின்பாதியும் ஆகும். இக்கட்டுரையின் வாதம் இவ்விணைப்பின் மீதே நிற்கிறது.

1880, கும்பகோணம்

புரவலர் மறைந்ததால் புதிராக்கம் மறைந்தது என்பாரும் உளர். 1855இல் தஞ்சை மராத்திய அரசு முடிவுற்றதைச் சான்றாகக் காட்டுவர். அரசவையைப் பொறுத்தவரை இது பொருந்தலாம். மடங்களுக்கு இது பொருந்தாது. நன்செய் நிலங்களின் நெல் வருவாயில் நின்ற திருவாவடுதுறையும் தருமபுரமும் அதன்பின்னும் செழித்தே இருந்தன. மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் பெருவாழ்வு 1855க்குப் பிறகும் இருபதாண்டுக்கு மேல் நீடித்தது. அவரை ஆதரித்த சுப்பிரமணிய தேசிகரே பின்னர்ச் சாமிநாதையரின் பதிப்பு முயற்சிக்கும் துணைநின்றார். புரவலர் மாறவில்லை, புரக்கப்பட்ட புலமையின் இலக்கு மாறியது.

அம்மாற்றத்திற்கு ஓர் ஊரும் ஓராண்டும் உண்டு. 1880இல் தியாகராச செட்டியாருக்குப் பின் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்த சாமிநாதையர், அவ்வாண்டு அக்டோபரில் முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். தாம் பயின்ற நூல்களை ஐயர் அடுக்கினார். பட்டியலில் அந்தாதிகள் பல இருந்தன. முதலியார் சிறிதும் வியக்கவில்லை. அவற்றால் என்ன பயன் என்றார்; சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். என் சரித்திரம் சொல்லும் இந்நிகழ்வைத் தமிழ் மறுமலர்ச்சியின் விடியலாகக் கொண்டாடுவதே வழக்கம், அது தகும். ஆனால் அன்று மதிப்பிழந்த பட்டியலைப் பற்றி எவரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஆறேழு ஆண்டு உழைப்பால் திரட்டிய ஒரு புலமை, ஒரு பிற்பகல் உரையாடலில் செல்லாக் காசாகிவிட்டது.

1887இல் சிந்தாமணி அச்சேறியது. பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894), மணிமேகலை (1898) என அடுத்தடுத்து வந்தன. பிள்ளையிடம் எழுத்துக்கு எழுத்து பிரித்துப் பார்க்கக் கற்ற கண், இப்போது சிதைந்த ஏட்டில் விடுபட்ட எழுத்தையும் பிழைபட்ட பாடத்தையும் தேடியது. ஐயரின் பதிப்புத் திறனுக்கு யமகப் பயிற்சியும் ஒரு மூலம் எனக் கருத இடமுண்டு. தேடும் திறன் அழியவில்லை, தேடப்படும் பொருளே வேறாயிற்று.

கல்லூரி வகுப்பறை எஞ்சியதை முடித்தது. பல்கலைக்கழகத் தேர்வுக்குரிய பாடநூல், பதம் பிரித்து, புள்ளியிட்டு, குறிப்புரையோடு மாணவனைச் சேர வேண்டும். விடையைத் தள்ளிப்போடும் ஆசிரியருக்கு அங்கு இடமில்லை. செய்யுளை விளக்குவது தேர்வில் மதிப்பெண் தரும், செய்யுள் இயற்றுவது தராது. பரிதிமாற் கலைஞர் சித்திரகவி விளக்கம் எழுதியது இப்பின்புலத்தில் வைத்து நோக்கத்தக்கது. பயிற்சியால் வாய்வழி வந்தது, விளக்கத்தால் காக்கப்பட வேண்டிய பொருளாகிவிட்டது. பாரதியார் பாஞ்சாலி சபதத்தின் முன்னுரையில் எளிய நடையை வேண்டிய 1912இல், மறைபொருட் பாக்களை இயற்றும் தலைமுறை ஏற்கனவே மெலிந்திருந்தது. அவர் கதவைச் சாத்தவில்லை. சாத்திக்கிடந்த கதவைச் சுட்டினார்.

ஒரு சமகால ஒப்புமை

மறைபொருள் தேடும் கணினி விளையாட்டின் வரலாறு மிகக் குறுகியது என்பதால் இதே நிகழ்வை அங்கு அண்மையில் நின்று காணலாம். சியாட்டில் நகரத்துப் பிக் ஃபிஷ் கேம்ஸ் 2005இல் வெளியிட்ட மிஸ்டரி கேஸ் பைல்ஸ்: ஹன்ட்ஸ்வில் இவ்வகையைப் பரவலாக்கியது. ஒரு மணிநேரம் இலவசமாக ஆடிப்பார்த்து, பிடித்தால் விலைகொடுத்து வாங்கலாம். கதை முடிந்தால் விளையாட்டும் முடிந்தது. நாள்தோறும் ஒரு புதிய விளையாட்டு என்பதையே அந்நிறுவனம் விளம்பர வாசகமாக்கியிருந்தது. போலந்தின் ஆர்டிஃபெக்ஸ் முண்டி போன்ற ஆக்குநர்கள் இச்சந்தையை நம்பி வளர்ந்தனர்.

2014இல் குதிரைப்பந்தய நிறுவனமான சர்ச்சில் டவுன்ஸ் பிக் ஃபிஷை வாங்கியது. 2018இல் அது சூதாட்டப் பொறிகள் செய்யும் ஆஸ்திரேலிய நிறுவனமான அரிஸ்டோகிராட்டின் கைக்குச் சென்றது. வாங்கியோரை ஈர்த்தது அதன் இணையவழிக் காசினோப் பிரிவே. இதற்கிடையே கைப்பேசியில் இலவசமாகக் கிடைத்து, ஆடும்போது சிறுகச் சிறுகப் பணம் பெறும் முறை நிலைபெற்றது. பெர்லினின் வூகா 2017இல் வெளியிட்ட ஜூன்ஸ் ஜர்னி, ஒரே விளையாட்டாக இருந்துகொண்டே ஆண்டுக்கணக்கில் புதிய அத்தியாயங்களைச் சேர்த்துவருகிறது. தேடுவோர் குறைந்ததாகக் கூற இயலாது. தொடக்கமும் முடிவும் உடைய தனிப்படைப்பு ஒன்றை ஆக்கி வெளியிடுவதற்குரிய காரணம்தான் குறைந்துவிட்டது.

இவ்வொப்புமைக்கு எல்லை உண்டு. திருவாவடுதுறை மாணாக்கன் நாளைய ஆக்குநன். கணினியில் ஆடுபவர் ஆடுபவராகவே இருப்பார். அங்கு அறுந்தது கல்வித்தொடர், இங்கு அறுந்தது விலைத்தொடர். இரண்டிலும் பொதுவானது ஒன்றே: சுவைப்போரை மட்டும் நோக்கும் வரலாறு, ஆக்கம் நின்ற காலத்தையும் காரணத்தையும் தவறாகக் கணிக்கும்.

எஞ்சியவை

சித்திரகவி அறவே மறையவில்லை. 1929இல் மறைந்த பாம்பன் சுவாமிகள் பாடிய சஸ்திரபந்தம் வேல் வடிவில் எழுதப்பட்டு இன்றும் அடியவரால் ஓதப்படுகிறது. ஓதுவோர் அதை அவிழ்ப்பதில்லை. அதன் வடிவமே அவர்களுக்குக் காப்பு. எழுகூற்றிருக்கை தேர் வடிவில் எழுதிக் காட்டப்படும்போதும் இதுவே நிகழ்கிறது. எண்கள் ஒன்று முதல் ஏழு வரை ஏறி இறங்கும் ஒழுங்கு கண்ணுக்குப் படமாகிவிட்டதால், காதால் எண்ணிக் கண்டுபிடிக்க வேண்டிய தேவை இல்லை. புதிர், யந்திரமாகவும் அணியாகவும் உருமாறித் தங்கியிருக்கிறது.

தாராசுரத்துச் சிற்பம் 2004 முதல் உலகப் பாரம்பரியச் சின்னத்தின் ஒரு பகுதி. அதன்முன் வந்து நிற்பவர், அது என்னவென்று தாமே பார்ப்பதற்குள், உடன்வரும் வழிகாட்டி உள்ளங்கையால் ஒரு பாதியை மறைத்து யானை என்கிறார். கையை மறுபக்கம் நகர்த்திக் காளை என்கிறார்.