கைபேசியில் படிக்கும் பிள்ளைக்கு எந்த மின்னூல் வடிவம்?

பரீட்சை நெருங்கும் மாதங்களில் மருதமுனையின் வட்ஸ்அப் குழுக்களில் பாடக் குறிப்புகளும் மாதிரி வினாத்தாள்களும் வந்து குவிகின்றன. ஏறத்தாழ எல்லாமே பிடிஎஃப். வாசிக்கும் பிள்ளைகளில் பலரிடம் கணினி இல்லை. கைபேசிதான் இருக்கிறது, சில வீடுகளில் அதுவும் உம்மாவுடையது. ஆசிரியர்கள் சிலரின் குறிப்புகளை மின்னூலாக்கிக் கொடுத்து வருகிறேன். அவர்கள் முதலில் கேட்பது, எந்த வடிவத்தில் வெளியிடுவது என்பதைத்தான்.

பிடிஎஃப் 1993இல் அடோபி நிறுவனம் அறிமுகப்படுத்திய வடிவம். 2008இல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது. அச்சுத் தாளை அப்படியே திரையில் காட்டுவதே அதன் வேலை. அதன் பலமும் பலவீனமும் அதுதான். ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீற்றர். சாதாரணக் கைபேசித் திரையின் அகலம் சுமார் 7 சென்டிமீற்றர். அதாவது 12 புள்ளி அளவில் தட்டச்சு செய்த எழுத்து, திரையில் 4 புள்ளியாகச் சுருங்கிவிடும். பிள்ளை பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடும். ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் இழுத்து வாசிக்கும் பிள்ளை சீக்கிரம் களைத்துவிடும்.

ஈபப் வேறு மாதிரி. 2007இல் தரமாக அறிவிக்கப்பட்ட இந்த வடிவம் இன்று டபிள்யூ3சி அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. உள்ளே இருப்பவை இணையப் பக்கங்களைப் போன்ற சிறு கோப்புகள். அவை ஒன்றாகச் சுருக்கிக் கட்டப்பட்டிருக்கும். எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் திரைக்கேற்பத் தாமாக மடங்கும். படங்கள் இல்லாத நூறு பக்க நூல் ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கும். அதே நூலை வண்ணத்தில் ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கினால் பல மடங்கு பெருக்கும். டேட்டாவை எண்ணிச் செலவழிக்கும் வீட்டுக்கு இது சிறிய விடயமல்ல.

முதலில் எழுத்துருவைப் பாருங்கள்

வடிவத்தைவிட அடிப்படையான கேள்வி ஒன்று உண்டு. இலங்கையில் பழைய பாடக் குறிப்புகள் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. திரையில் ‘அம்மா’ என்று தெரியும் சொல், கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகளாகவே கிடக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கைபேசியில் வேர்ட் கோப்பைத் திறந்தால் தெரிவது ஆங்கிலக் குப்பைதான். பிடிஎஃப் ஆக்கினால் கண்ணுக்குச் சரியாகத் தெரியும்; ஆனால் தமிழ்ச் சொல்லைத் தேடினால் கிடைக்காது. பார்வைக் குறைபாடுள்ள மாணவருக்குத் திரைவாசிப்பான் தமிழை வாசிக்காது, ஆங்கில எழுத்துகளையே உளறும்.

ஆகவே முதல் வேலை யுனிகோடுக்கு மாற்றுவது. இணையத்தில் இலவச மாற்றிகள் உள்ளன. மாற்றிய பின் ஒருமுறை மெய்ப்புப் பார்க்க வேண்டும். இடையில் வரும் ஆங்கிலச் சொற்களும் சூத்திரங்களும் மாற்றத்தில் சிதைந்துபோகும்.

மதுரைத் திட்டம் இதற்கு நல்ல சான்று. 1998இல் தொடங்கிய அத்திட்டத்தில் டிஸ்கி குறியீட்டில் வெளியான நூல்கள் பின்னர் யுனிகோடுக்கு வந்தன. அவை படங்களாக அல்லாமல் எழுத்துகளாக இருந்ததால், மீண்டும் தட்டச்சு செய்யாமலே மாற்ற முடிந்தது.

பிடிஎஃப் எங்கே தேவை?

எல்லாவற்றையும் ஈபப் ஆக்கச் சொல்லவில்லை. கடந்தகால வினாத்தாள், புவியியல் வரைபடம், பெரிய அட்டவணை, அச்சிட்டுக் கொடுக்கும் பயிற்சித்தாள் ஆகியவற்றுக்குப் பிடிஎஃப்தான் பொருத்தம். ஈபப் 3இல் கணிதச் சமன்பாடுகளை எழுத வழி உண்டு. ஆனால் எல்லாச் செயலிகளும் அவற்றைச் சரியாகக் காட்டுவதில்லை. சூத்திரங்கள் நிறைந்த பௌதிகவியல் குறிப்புக்கு, ஏ4க்குப் பதிலாகக் கைபேசி அளவுத் தாளில் பெரிய எழுத்தில் பிடிஎஃப் செய்வது நடைமுறைக்கு உகந்தது. 2013 முதல் இயங்கும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளம் ஒரே நூலை ஈபப் ஆகவும், ஏ4 பிடிஎஃப் ஆகவும், 6 அங்குலத் திரைக்கான பிடிஎஃப் ஆகவும் தருவதைப் பார்க்கலாம்.

பழைய நூல்களின் கதை தனி. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களின் பக்கங்களை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக வழங்குகிறது. ஆவணத்தைக் காக்க அதுவே சரி. மூலப் பக்கம் மாறாமல் இருக்க வேண்டும். ஆனால் இன்று புதிதாக எழுதும் குறிப்பை அச்சிட்டு, பிறகு கைபேசியில் படமெடுத்து அனுப்புவது, கையில் இருக்கும் எழுத்தை நாமே படமாக்கிப் பூட்டுவதாகும்.

செய்ய வேண்டியவை

யுனிகோட் எழுத்துருவில் தட்டச்சு செய்யுங்கள். தலைப்புகளுக்குத் தடித்த எழுத்து மட்டும் போதாது. மென்பொருளின் தலைப்புப் பாணியைப் பயன்படுத்துங்கள், ஈபப்பின் பொருளடக்கம் அதிலிருந்துதான் உருவாகும். இலவசமான லிப்ரே ஒபிஸ் ரைட்டரில் 2018இல் வந்த 6.0 பதிப்பு முதல் ஈபப் ஆகச் சேமிக்கும் வசதி இருக்கிறது. படங்களுக்குக் கீழே ஓரிரு வரி விளக்கம் எழுதுங்கள். அனுப்புமுன் விலை குறைந்த ஒரு கைபேசியில் திறந்து பாருங்கள்.

வட்ஸ்அப்பில் ஈபப் அனுப்பும்போது எந்தச் செயலியில் திறப்பது என்று ஒரு வரி சேர்த்து விடுங்கள். வாசிப்புச் செயலி இல்லாத கைபேசியில் கோப்பு திறக்காது. பிள்ளை அது பழுதென்று நினைத்து விட்டுவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மூல வேர்ட் அல்லது ரைட்டர் கோப்பை இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள். பாடத்திட்டம் மாறும்போது திருத்த வேண்டியது அதைத்தான். ஈபப்பும் பிடிஎஃப்பும் அதிலிருந்து எத்தனை தடவையும் எடுக்கக்கூடிய பிரதிகள்.