இரவல் ஆடையும் மணமேடையும்: நம் நிக்காஹ் அலங்காரங்களின் வரலாறு

 

 தாம்பரம் வட்டாரத்துப் பள்ளிவாசல் ஒன்றின் நிக்காஹ் தஃப்தரைப் புரட்டிப் பார்த்தால், மணமக்களின் சொந்த ஊர் என்னும் இடத்தில் தமிழகத்தின் பாதி ஊர்கள் காணப்படும். நம் மஹல்லாக்கள் பெரும்பாலும் வந்து குடியேறியவர்களால் உண்டானவை. 1931-ல் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் துவங்கியது. குரோம் லெதர் தொழிற்சாலை ஒரு பேட்டைக்கே பெயர் கொடுத்தது. பல்லாவரத்துத் தோல் தொழிற்கூடங்களும், விமானப்படைத் தளமும், ரயில்வேயும், 1984-ல் அமைந்த ஏற்றுமதி வளாகமும் பிழைப்புத் தேடியோரை இப்பக்கம் ஈர்த்தன. வந்தவர்கள் பெட்டி படுக்கையோடு தத்தம் ஊர்க் கல்யாண முறையையும் கொண்டு வந்தார்கள்.

தஞ்சை, திருச்சி, மதுரைப் பக்கத்து இராவுத்தர் குடும்பங்களில் மாப்பிள்ளையைக் குதிரையில் ஏற்றி ஊர்வலம் அழைத்து வரும் பழக்கம் இருந்தது. குதிரை வீரரைக் குறிக்கும் பெயரைத் தாங்கிய சமூகத்துக்கு அது பொருத்தமான அலங்காரமே. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் மணமகன் பெண் வீட்டுக்குச் சென்று வாழ்வான். ஆகவே அங்கே மகளுக்கு வீடு அமைத்துக் கொடுப்பதே பெற்றோரின் பெருங்கவலை. பைத் ஓதி மாப்பிள்ளையை அழைத்து வருவதும், பெண்கள் குலவையிடுவதும், நான்கைந்து பேர் ஒரே சஹனில் அமர்ந்து உண்பதும் அவ்வூர்களின் அழகு. உருது பேசும் நம் சகோதரர்களோ முகத்தை மறைக்கும் பூச்சேரா, மஞ்சள் பூசும் மஞ்சா, மணமகளின் முகத்தைக் கண்ணாடியில் காட்டும் ஜல்வா என்று தக்காணத்து முறைகளைப் பேணி வந்தார்கள். உள்ளூர்க் கல்யாணங்களில் பந்தற்காலில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில் நாகூர் ஹனீபா அவர்களின் குரல் கேட்டது. வாழ்த்து மடல் அச்சிட்டுச் சபையில் வாசித்தார்கள்.

இவையெல்லாம் இன்று ஜி.எஸ்.டி. சாலை ஓரத்து மண்டபங்களில் ஒன்றாகக் கலந்துவிட்டன. இராவுத்தர் வீட்டு மணமகன் சேரா அணிகிறார். உருது வீட்டு மணமகளுக்குக் கருகமணி அணிவிக்கிறார்கள். கலப்பதில் குற்றமில்லை. ஆனால் எது மார்க்கம், எது ஊர் வழக்கம், எது கடைக்காரர் விற்றது என்ற வேறுபாடு மறைந்துவிட்டது. அதனால்தான் இந்த வரலாற்றை எழுத நேர்ந்தது.

தமிழ் மண்ணின் மணக்கோலத்தை நம் முன்னோர் வெறுத்து ஒதுக்கவில்லை என்பதற்குச் சீறாப்புராணமே சாட்சி. வள்ளல் சீதக்காதியின் ஊக்கத்தால் உமறுப் புலவர் பாடத் துவங்கிய அக்காப்பியத்தில் இரண்டு திருமணங்கள் விரிவாக வருகின்றன. விலாதத்துக் காண்டத்தில் நபி (ஸல்) அவர்களுக்கும் அன்னை கதீஜா (ரலி) அவர்களுக்கும் நடந்த மணம் ஒன்று. ஹிஜ்றத்துக் காண்டத்தில் அன்னை ஃபாத்திமா (ரலி) அவர்களின் மணம் மற்றொன்று. புலவர் காட்டும் மக்கா நகரத்து மணவிழா, தோரணமும் வீதி அலங்காரமும் மாப்பிள்ளை உலாவுமாக ஒரு தமிழூர்க் கல்யாணம் போலவே இருக்கிறது. தாம் கண்ட அழகையெல்லாம் தம் நபியின் திருமணத்துக்குச் சூட்டி மகிழ்ந்தார் அவர். அது காதலின் மொழி. அதை வரலாறு என்று கொள்வதும் தவறு. பிழை என்று தள்ளுவதும் ரசனையற்ற செயல்.

வரலாற்றில் நடந்தது என்ன? மதீனாவின் மணமகள் எதை அணிந்தாள்? இதற்கு விடை ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கித்ரீ எனப்படும் முரட்டு நெசவு ஆடை ஒன்று இருந்தது. அதன் விலை ஐந்து திர்ஹம். நபி (ஸல்) அவர்களின் காலத்தில் மதீனாவில் எந்தப் பெண்ணை மணக்கோலம் செய்வதானாலும் ஆள் அனுப்பி அந்த ஆடையைத்தான் இரவல் வாங்கிச் செல்வார்களாம். இதை அன்னை அவர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தபோது, தம் பணிப்பெண் அதே வகை ஆடையை வீட்டுக்குள் உடுத்தக்கூட முகம் சுளிக்கிறாள் என்று சுட்டிக்காட்டினார்கள். ஒரு தலைமுறைக்குள் நிகழ்ந்த மாற்றம் அது! இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் இச்செய்திக்கு இட்ட தலைப்பே, மணப்பெண்ணுக்காக இரவல் வாங்குதல் என்பதாகும். அன்னை ஆயிஷா அவர்களே தம் சகோதரி அஸ்மா (ரலி) அவர்களிடம் கழுத்து மாலை இரவல் வாங்கிப் பயணம் சென்று, அது காணாமற்போன நிகழ்ச்சி, தயம்மும் சட்டம் இறங்கக் காரணமானதை அறிவோம். ஆக, இரவல் நகை அக்காலத்தில் யாருக்கும் இழுக்காக இருக்கவில்லை.

இந்த எளிமையைக் கண்டு அங்கே மகிழ்ச்சியே இல்லை என்று எண்ணிவிடலாகாது. அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் மீது மஞ்சள் நிற நறுமணப் பூச்சின் அடையாளத்தைக் கண்டே, அவர் மணமுடித்திருப்பதை நபியவர்கள் கேட்டறிந்து, ஓர் ஆட்டையேனும் அறுத்து வலீமா கொடுக்கச் சொன்னார்கள். ருபைய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்களின் மணநாளுக்கு மறுகாலை, சிறுமியர் தஃப் அடித்துப் பத்ரில் வீழ்ந்தவர்களைப் பற்றிப் பாட, நபியவர்கள் அங்கே அமர்ந்து கேட்டார்கள். அன்ஸாரி ஒருவருக்கு மணப்பெண்ணை அனுப்பியபோது, அன்ஸாரிகள் கேளிக்கையை விரும்புவோராயிற்றே, அதற்கு ஏற்பாடு உண்டா என்றும் விசாரித்தார்கள். கைபரிலிருந்து திரும்பும் வழியில் அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களுக்காகக் கொடுத்த வலீமாவில் இறைச்சியும் இல்லை, ரொட்டியும் இல்லை. தோல் விரிப்பின் மேல் பேரீச்சம்பழமும், உலர்ந்த பாற்கட்டியும், நெய்யும் வைக்கப்பட்டன. கையிலுள்ளதைக் கொண்டு நடந்த விருந்து அது.

அதே காலத்தின் மஹரைப் பாருங்கள். நபியவர்கள் தம் மனைவியருக்குப் பொதுவாகக் கொடுத்த மஹர் பன்னிரண்டரை ஊக்கியா, அதாவது 500 திர்ஹம் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறியது முஸ்லிமில் பதிவாகியுள்ளது. ஹனஃபி உலமாக்களின் கணக்குப்படி ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ வெள்ளி. மணக்கோல ஆடை ஐந்து திர்ஹம், அதுவும் இரவல். மஹர் 500 திர்ஹம், அது மணமகளுக்கே சொந்தம். ஒன்றுக்கு நூறு! நம் மண்டபங்களில் இக்கணக்கு தலைகீழாக நிற்கிறது. ஓரிரவு வாழ்ந்து மறுநாள் குப்பைக்குப் போகும் பூவுக்கும் தெர்மோகோல் வளைவுக்கும் இலட்சம் கொடுப்பவர்கள், மஹர் என்னும் பத்தியில் ஆயிரத்தொன்று என்று எழுதச் சொல்கிறார்கள்.

அந்த இலட்சமும் யாருடையது? பெரும்பாலும் பெண்ணைப் பெற்றவருடையது. கைக்கூலி என்று நம் மக்கள் வெளிப்படையாகவே அழைத்து வந்த தொகைக்கு 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடுப்புச் சட்டம் தண்டனை விதித்தது. ஜமாஅத்துகள் பலவும் கைக்கூலி வாங்கும் திருமணத்துக்குத் தஃப்தர் தர மாட்டோம் என்று தீர்மானம் போட்டன. இவை நல்ல பலன் தந்தன. ஆனால் அலங்காரத்தின் வாசல் வழியே அது மீண்டும் நுழைந்திருக்கிறது. ரொக்கமாக எதுவும் வேண்டாம், மண்டபமும் மேடையும் மட்டும் எங்கள் தகுதிக்கு ஏற்றபடி இருக்கட்டும் என்கிறார்கள். மகளின் நிக்காஹ் முடிந்த மறு மாதமே நகைக்கடன் வட்டிக்காக அலையும் தந்தைமார் நம்மிடையே இருக்கிறார்கள். வட்டி ஹராம் என்பது அவர்களுக்குத் தெரியாததன்று.

அன்னை ஃபாத்திமா (ரலி) அவர்களுக்கு நபியவர்களே சீர் கொடுக்கவில்லையா என்று சிலர் கேட்பதுண்டு. கொடுத்தவை ஒரு போர்வை, ஒரு தோல் தண்ணீர்ப் பை, இத்கிர் புல் அடைத்த ஒரு தலையணை. அலீ (ரலி) அவர்களையும் சிறு வயதிலிருந்து வளர்த்தவர்கள் நபியவர்களே ஆதலால், இரு வீட்டாருக்கும் பெரியவராக நின்று கொடுத்தார்கள். அலீ அவர்களோ தம் போர்க்கவசத்தை மஹராக்கினார்கள். சீருக்கு ஆதாரம் காட்டுவோர் கவசத்தை மறந்துவிடுவது வியப்பே.

ஷாஃபிஈ மத்ஹபில் நிக்காஹ்வின் ருக்ன்கள் ஐந்து: மணமகன், மணமகள், வலீ, இரண்டு சாட்சிகள், ஈஜாப் கபூல். ஹனஃபி மத்ஹபில் ஈஜாப் கபூலே ருக்ன், சாட்சிகள் ஷர்த்து. எதிலும் மேடை இல்லை, கருகமணியும் இல்லை. கருகமணியை மாப்பிள்ளையின் சகோதரியோ மூத்த பெண்ணொருவரோ கட்டுவது நம் வழக்கம். அதை ஓர் அணிகலனாகக் கருதினால் தடையில்லை. அது இன்றி நிக்காஹ் நிறைவேறாது என்று நம்பினால் அந்த நம்பிக்கைதான் தவறு. என் கருத்து இதுவே. கடுமையாகப் பேசுவோரும் உண்டு. பள்ளிவாசலில் நிக்காஹ் நடத்துவதை ஊக்குவிக்கும் ஹதீஸின் சனதில் பலவீனம் உண்டென்பது உண்மை. ஆயினும் செலவு குறைகிறது, ஜமாஅத் முழுவதும் சாட்சியாகிறது என்பதால் அதனை விரும்புகிறேன்.

மதீனாவின் அந்த ஐந்து திர்ஹம் ஆடைக்கு நிகரான ஒன்று நம் தமிழூர்களிலும் இருந்தது. பழைய ஜமாஅத்துகள் பலவற்றின் பள்ளிவாசல் சாமான் அறையில் தேக்சா, அண்டா, சஹன், ஜமுக்காளம், பெட்ரோமாக்ஸ் விளக்கு ஆகியவை இருக்கும். வசதியுள்ளவர் வீட்டுக் கல்யாணத்துக்கும் ஏழை வீட்டுக் கல்யாணத்துக்கும் அதே பாத்திரம்தான் போகும். ஆகவே பாத்திரத்தைப் பார்த்து எவருடைய தகுதியையும் அளக்க முடியாது. பந்தலைக் கட்டியவர்கள் தெருப் பிள்ளைகள். மருதாணி அரைத்தவர்கள் அண்டை வீட்டுப் பெண்கள். புறநகருக்குக் குடிவந்தபோது ஊர் முறைகளை எடுத்து வந்த நாம், அந்தச் சாமான் அறையை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தோம்.

நிர்வாகத்தார் முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நூறு பேர் ஒரு பந்தியில் அமரப் போதுமான சஹன்கள், நான்கு தேக்சாக்கள், தூய்மையான ஜமுக்காளங்கள், கண்ணுக்கு நிறைவான மேடைத் திரை ஒன்று ஆகியவற்றை ஜமாஅத்தின் பெயரில் வாங்கி, செல்வர் ஏழை பேதமின்றி எல்லா நிக்காஹ்களுக்கும் வாடகையின்றித் தர வேண்டும். முதல் தடவை வசதி படைத்த ஒருவர் தம் வீட்டுத் திருமணத்துக்கு அத்திரையைக் கேட்டு வாங்கினால், மற்றவர்களுக்குத் தயக்கம் இராது. வைப்பதற்கு மதரஸா மாடிப்படியின் கீழுள்ள அறை காலியாகவே இருக்கிறது.