தரவத்து வீட்டின் திறந்த கதவு

1910 செப்டம்பர் 26. 'சுதேசாபிமானி' இதழின் ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளையைத் திருவிதாங்கூர் அரசு நாடு கடத்தியது. திவானின் ஆட்சியை விடாமல் தாக்கி எழுதியதற்குத் தண்டனை அது. அச்சகமும் பறிபோனது. மனைவி பி. கல்யாணி அம்மாவோடு ஊர் ஊராக அலைந்தவருக்குப் பாலக்காட்டில் ஒரு வீடு அடைக்கலம் தந்தது. அங்கிருந்தவர் தரவத்து அம்மாளு அம்மா.

பாலக்காடு அன்று சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. திருவிதாங்கூர் ஆணை அங்கே செல்லாது. ஆனாலும் ஓர் அரசின் கோபத்துக்கு ஆளானவரை வீட்டில் வைத்துக்கொள்ள நெஞ்சுரம் வேண்டும். அது அம்மாளு அம்மாவிடம் இருந்தது.

1873இல் பிறந்த அவருக்கு மலையாளம், சமஸ்கிருதம், தமிழ் மூன்றும் கைவந்தவை. பாலக்காட்டுக் கணவாய் வழியே கோவைக் காற்றும் தமிழும் சேர்ந்தே வீசும் ஊரல்லவா! அடியார் கதைகளைச் சொல்லும் 'பக்தமாலா' அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. 'கமலாபாய்' என்ற நாவலும் எழுதினார்.

கொச்சி மன்னர் 'சாகித்ய சகி' என்ற பட்டத்தை அளிக்க முன்வந்தபோது பணிவோடு மறுத்துவிட்டார். பட்டத்துக்காக ஏங்கிய புலவர்கள் நிறைந்த காலம் அது. அவருடைய நூல்களுக்கு இணையாக இந்த மறுப்பையும் மதிக்கத் தோன்றுகிறது.

ராமகிருஷ்ண பிள்ளை 1916இல் கண்ணூரில் காலமானார். பன்னிரண்டு ஆண்டு இல்லறத்தை 'வியாழவட்ட ஸ்மரணகள்' என்ற நூலாக எழுதினார் கல்யாணி அம்மா. ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த அந்த இரு பெண்களும் எழுத்தாளர்கள். அம்மாளு அம்மா 1936இல் மறைந்தார்.