ஒற்றியூர்க் கல்வெட்டும் பூட்டிய புத்தகமும்

திருவொற்றியூர்க்காரர்களுக்குத் தியாகராஜ சுவாமி கோயில் என்றால் வடிவுடையம்மன், பௌர்ணமிக் கூட்டம், கூட்டத்தில் தொலையும் செருப்பு... இவ்வளவுதான். நானும் அப்படித்தான் இருந்தேன். கல்லூரியில் ஒரு கட்டுரைக்காக அந்தக் கோயில் கல்வெட்டுகளைத் தேடப் போனபோது ஒரு கதை சிக்கியது.

கி.பி. 949-ல் தக்கோலத்தில் பெரிய போர். முதல் பராந்தக சோழனின் மகன் இராஜாதித்தன் யானைமேல் இருந்தபடியே கொல்லப்பட்டான். எதிரி, இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன். இராஜாதித்தனுக்கு வல்லபன் என்று ஒரு நெருங்கிய நண்பன், கேரளத்தில் பிறந்தவன். தலைவனோடு சாகாமல் போனோமே என்று நொந்துபோய், கங்கையில் நீராடி, கடைசியில் நம் ஒற்றியூருக்கு வந்து துறவியாகிவிட்டான். சதுரானன பண்டிதர் என்று பெயரும் மாறியது. மடத்துத் தலைவராகிக் கோயிலுக்குப் பொன் கொடுத்தார். அதைச் சொல்லும் கல்வெட்டின் காலம் 959. அதில் குறித்திருக்கும் ஆட்சியாண்டு யாருடையது தெரியுமா? அதே மூன்றாம் கிருஷ்ணனுடையது! நண்பனைக் கொன்றவனின் பெயரால்தான் தேதி போட வேண்டியிருந்திருக்கிறது. (யாராவது படமாக எடுக்கலாம்.)

இந்தக் கல்வெட்டைப் பதிப்பித்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சமஸ்கிருதப் பேராசிரியராக இருந்த வே. இராகவன். கட்டுரை வந்தது இந்தியத் தொல்லியல் துறையின் 'எபிகிராபியா இண்டிகா' 27-ஆம் தொகுதியில். அந்தப் பழைய தொகுதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு ராத்திரியில் படித்து முடித்தேன். காசு செலவில்லை, யாரிடமும் கையெழுத்து வாங்கவில்லை.

அடுத்து அதே கோயிலின் வியாகரணதான மண்டபம். சோழர் காலத்தில் அங்கே இலக்கணம் கற்பிக்க நிலம் விட்டிருந்தார்கள். இதைப் பற்றித் தெரிந்துகொள்ள நீலகண்ட சாஸ்திரியின் 'தி சோழாஸ்' வேண்டும். அவரும் அதே பல்கலைக்கழகத்தின் பேராசிரியர்தான். நூலை 1935-லும் 1937-லும் இரண்டு பாகங்களாக வெளியிட்டதும் அந்தப் பல்கலைக்கழகமே. நான் போன நூலகத்தில் அது கண்ணாடி அலமாரிக்குள் இருந்தது. "வெளியே தர மாட்டோம், இங்கேயே உட்கார்ந்து படி" என்றார்கள். மாலை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். எனக்கு வகுப்பு முடிவதே நாலரைக்கு!

இதன் ஸ்கேன் பிரதியும் இணையத்தில் இருக்கிறது. ஆனால் சட்டக் கணக்கு வேறு. இந்தியாவில் பதிப்புரிமை, ஆசிரியர் இறந்தபின் 60 ஆண்டு நீடிக்கும். சாஸ்திரி இறந்தது 1975-ல். உரிமை ஆசிரியருடையது என்று வைத்துக்கொண்டால் 2035 முடியும்வரை பூட்டுதான். அரசு வெளியீடு என்றால் 60 ஆண்டு, நூல் வெளிவந்த ஆண்டை வைத்தே எண்ணப்படும். இராகவன் காலமானது 1979-ல். ஆனாலும் அவர் கட்டுரை அரசுத் தொகுதியில் வந்ததால் எப்போதோ திறந்துவிட்டது. இரண்டு பேரும் பல்கலைக்கழகச் சம்பளத்தில் ஆய்வு செய்தவர்கள். ஒருவர் எழுத்து நம் கைக்கு வந்துவிட்டது, இன்னொருவருடையது காத்திருக்கிறது. புலமைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, யார் அச்சிட்டார்கள் என்பதுதான் விஷயம்.

இந்தக் காத்திருப்பு வேண்டாம் என்று 2002-ல் புடாபெஸ்ட் அறிக்கை சொன்னது. ஆய்வெழுத்தை யாரும் படிக்கலாம், பகிரலாம், ஆசிரியர் பெயரைச் சொன்னால் போதும் என்பது அதன் சாரம். அது முக்கியமாக ஆய்விதழ்க் கட்டுரைகளுக்காக எழுதப்பட்டது. புத்தகம் மெதுவாகத்தான் பின்னால் வந்தது. மேல்நாட்டுப் பெரிய பதிப்பகங்கள் ஒரு நூலைத் திறந்துவிட ஆசிரியர் தரப்பிலிருந்து சுமார் 10,000 பவுண்டு கேட்கின்றன. நம் ஊர் ஆய்வாளர் எங்கே போவார்? காசு கட்டாயமில்லை என்று 2008-ல் கேம்பிரிட்ஜில் தொடங்கிய 'ஓப்பன் புக் பப்ளிஷர்ஸ்' போன்றவையும் இருக்கின்றன. பக்கத்திலேயே, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தன் பழைய வெளியீடுகள் பலவற்றை இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது.

நம்மிடம் இன்னொரு வேடிக்கை உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிக்குப் பிறகு முனைவர் பட்ட ஆய்வேடுகள் 'சோத்கங்கா' தளத்தில் ஏறுகின்றன, யாரும் இறக்கிக்கொள்ளலாம். அதே ஆய்வேட்டைத் திருத்திச் செப்பனிட்டுப் புத்தகமாக்கினால் அது மூடிவிடுகிறது! கரடுமுரடானது இலவசம், நல்லதுக்கு விலை.

எங்கள் தெரு அண்ணன் ஒருவர் காசிமேட்டு மீனவர்களைப் பற்றி ஆய்வு செய்து பட்டம் வாங்கினார். அவர் பேட்டி கண்டதில் பாதிப் பேர் அவருடைய சொந்தக்காரர்கள். இப்போது புத்தகமாகப் போகிறது. 300 பிரதிதான் அடிக்கிறார்கள், ராயல்டி என்ற பேச்சே இல்லை. ஒப்பந்தத்தில் மட்டும் 'எல்லா உரிமைகளும் பதிப்பகத்துக்கே' என்று ஒரு வரி. கையெழுத்துப் போடவிருந்தவரிடம் நான்தான் போய் ஒற்றியூர் கதையைச் சொன்னேன்.

"ஏண்டா, நான் செத்து 60 வருஷமா?" என்று கையில் இருந்த பேனாவை மூடிவிட்டார்.

உரிமை என்னிடமே இருக்கட்டும், அச்சிடும் உரிமையை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு வருஷம் கழித்து பிடிஎஃப்-ஐ நானே இணையத்தில் இலவசமாகப் போட்டுவிடுவேன் என்று திருத்தி அனுப்பியிருக்கிறார். மூன்று வாரமாகிறது, பதில் இல்லை. காசிமேட்டில் அவருடைய பெரியப்பா மட்டும் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார், "நான் சொன்னதெல்லாம் எப்படா போன்ல வரும்?"