இழப்பீடும் வேலையும்: 1953 டிசம்பர் 9ஆம் நாள் தீர்மானங்களும் ஐ.நா. பணியாளர் நீதியும்

சர்வதேச அமைப்புகளின் பணியாளர் சட்டம் பற்றி எழுதுவோர் 1954 ஜூலை 13ஆம் நாளைக் கொண்டாடாமல் கடந்துபோவதில்லை. ஐ.நா. நிருவாகத் தீர்ப்பாயம் வழங்கிய இழப்பீட்டை எந்தக் காரணம் சொல்லியும் பொதுச்சபை மறுக்க முடியாது என்று, ஒன்பதுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில், தி ஹேக்கிலுள்ள சர்வதேச நீதிமன்றம் அன்று ஆலோசனைக் கருத்து வழங்கியது. உறுப்பு நாடுகளின் அரசியல் நெருக்கடிக்கு எதிராகச் சர்வதேசப் பணியாளரின் சுதந்திரம் பெற்ற வெற்றி என்றே இத்துறையின் மரபான வாசிப்பு அதைக் காண்கிறது. வெற்றி கிடைத்தது என்பதை நான் மறுக்கவில்லை. அது எந்தக் கேள்வியில் கிடைத்தது என்பதை அந்த வாசிப்பு கவனிக்கவில்லை என்பதே என் கருத்து. நீதிமன்றத்திடம் கேள்வியை அனுப்பிய அதே நாளில், 1953 டிசம்பர் 9 அன்று, பொதுச்சபை தீர்ப்பாயத்தின் சட்டவிதியில் 9ஆம் உறுப்பைத் திருத்தியது. இன்றைய ஐ.நா. ஊழியர் ஒருவருடைய வேலை நிலைப்பதையும் நிலைக்காததையும் தீர்மானிப்பதில் ஜூலை மாதக் கருத்துரையைவிட அந்த டிசம்பர் மாதத் திருத்தத்துக்கே பங்கு அதிகம்.

தகராறின் வேர் துறையினருக்குத் தெரிந்ததுதான். அதில் மோதிய பார்வைகளை மட்டும் பிரித்துக்காட்டினால் போதும். 1952 இலையுதிர்காலத்தில் அமெரிக்க செனட்டின் உள்நாட்டுப் பாதுகாப்புத் துணைக்குழுவின் முன் நிறுத்தப்பட்ட ஐ.நா. செயலகத்தின் அமெரிக்க ஊழியர்களில் பலர், தமக்கு எதிராகத் தாமே சாட்சி சொல்லாதிருக்கும் உரிமையைத் தரும் அரசியலமைப்பின் ஐந்தாம் திருத்தத்தைக் காட்டி, கம்யூனிஸ்ட் தொடர்பு பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்தனர். வாஷிங்டனின் கண்ணில் அவர்கள் முதலில் அமெரிக்கக் குடிமக்கள். எங்கே வேலை பார்க்கிறார்கள் என்பது அடுத்ததுதான். பொதுச்செயலாளர் டிரிக்வே லீ அமைத்த மூன்று சட்ட வல்லுநர்களின் குழுவும், அப்படிப் பதில் மறுப்பவர் செயலகத்தில் நீடிக்கத் தகாதவர் என்று 1952 நவம்பர் இறுதியில் கருத்துச் சொன்னது. 1953 ஜனவரி 9இல் அமெரிக்க அதிபர் ட்ரூமன் பிறப்பித்த 10422ஆம் நிருவாக ஆணை, ஐ.நா.வில் பணிபுரியும் அமெரிக்கர் அனைவரையும் விசுவாசச் சோதனைக்கு உட்படுத்தியது. கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையினர் நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகக் கட்டடத்துக்குள்ளேயே ஊழியர்களின் கைரேகையை எடுத்தனர். ஐ.நா.வின் சொந்தக் கட்டுப்பாட்டில் உள்ளது என்று ஒப்புக்கொள்ளப்பட்ட கட்டடம் அது. எந்த அரசிடமிருந்தும் கட்டளை பெறக் கூடாது என்று ஐ.நா. சாசனத்தின் 100ஆம் உறுப்பு பணியாளருக்கு விதிக்கிறது; அதே பணியாளர் தம் மேசைக்கு அருகிலேயே தம் நாட்டு அரசுக்கு விரலை நீட்ட வேண்டியிருந்தது. இரு பார்வைகளும் ஒரே அறையில் மோதியதற்கு இதைவிடக் கண்கூடான சான்று எனக்குத் தெரியவில்லை.

தீர்ப்பாயத்தின் பார்வை இந்த இரண்டிலும் சேராதது. சுசான் பாஸ்டித் தலைமையில் அது 1953இல் தீர்த்த 21 மனுக்களில், மனுதாரரின் நாடு எது, அவர் நம்பும் அரசியல் எது என்ற கேள்விகள் பின்னுக்குப் போயின. நியமனக் கடிதமும் பணி விதிமுறைகளும் முன்னுக்கு வந்தன. தம் நாட்டு அரசியலமைப்பு தந்த உரிமையைப் பயன்படுத்தியதை, உடனடிப் பணிநீக்கத்துக்கு உரிய கடும் ஒழுங்கீனமாகக் கருத முடியாது என்று அது தீர்ப்பளித்தது. பதினொரு பேருக்குத் தீர்ப்பு சாதகமானது. அவர்களில் நால்வரை மீண்டும் பணியில் அமர்த்த வேண்டும் என்றும் தீர்ப்பாயம் ஆணையிட்டது. லீக்குப் பின் அப்போதுதான் பொறுப்பேற்றிருந்த ஹாமர்ஷால்ட், அது உகந்ததல்ல என்று மறுத்தார். ஆகவே அந்த நால்வருக்கும் இழப்பீடு நிர்ணயிக்கப்பட்டது. பதினொருவருக்கும் சேர்த்து வந்த தொகை 1,79,420 டாலர். பொதுச்சபையில் அந்த ஆண்டின் சண்டை முழுவதும் இந்தத் தொகையைச் சுற்றியே நடந்தது. மறுக்கப்பட்ட நான்கு வேலைகளைப் பற்றிய பேச்சு அதற்குள் முடிந்துவிட்டிருந்தது.

இங்கேதான் 9ஆம் உறுப்பின் இரண்டு வடிவங்களையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். 1949இல் இயற்றப்பட்ட வடிவத்தின்படி, மனு நியாயமானது என்று கண்டால் தீர்ப்பாயம் அந்த முடிவை ரத்து செய்ய வேண்டும். அசாதாரணச் சூழ்நிலைகளில் மட்டும், ரத்து செய்வது இயலாது அல்லது உகந்ததல்ல என்று பொதுச்செயலாளர் கருதினால், அறுபது நாளுக்குள் தீர்ப்பாயம் இழப்பீட்டுக்கு ஆணையிடும். இழப்பீட்டுக்கு உச்சவரம்பு கிடையாது. பொதுச்செயலாளரின் கருத்துக்கு இந்த வடிவமும் இடம் கொடுத்தது உண்மைதான். நால்வரின் வேலை போனது இந்த வடிவத்தின் கீழ்தான். ஆனால் அந்த இடம் ஒரு நிபந்தனைக்குள் அடைக்கப்பட்டிருந்தது: சூழ்நிலை அசாதாரணமாக இருக்க வேண்டும். டிசம்பர் 9இன் 782 ஆ தீர்மானம் கொண்டுவந்த புதிய வடிவத்தில் அந்த நிபந்தனை இடம் மாறிவிட்டது. தீர்ப்பாயம் ரத்து ஆணையோடு சேர்த்தே இழப்பீட்டுத் தொகையையும் குறிக்க வேண்டும். முப்பது நாளுக்குள் பொதுச்செயலாளர், அமைப்பின் நலன் கருதி, வேலையைத் திருப்பித் தராமல் தொகையைக் கொடுத்து விஷயத்தை முடித்துவிடலாம். தொகை இரண்டாண்டு நிகர அடிப்படைச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. அசாதாரண நேர்வு இப்போது எங்கே தேவைப்படுகிறது என்றால், தீர்ப்பாயம் அந்த வரம்பைத் தாண்ட விரும்பும்போது! அப்படித் தாண்டினால் காரணத்தையும் எழுத்தில் தர வேண்டும். மறுக்கும் நிருவாகத்தை அடக்கிவைத்த வேலி, வழங்கும் நீதிபதிகளைச் சுற்றிப் போடப்பட்டது. காரணம் சொல்லும் கடமை வென்ற மனுதாரரின் பக்கம் நின்ற தீர்ப்பாயத்தின் தலையில் விழுந்தது. வேலையை மறுக்கும் அதிகாரியின் மேல் அப்படி எந்தக் கடமையும் சுமத்தப்படவில்லை.

இதை வெறும் வரைவு நேர்த்தி என்று கொள்வோர் உண்டு. முன்பு இரண்டு கட்டமாக நடந்ததை ஒரே கட்டமாக்கியதுதான் திருத்தம், அதில் கொள்கை மாற்றம் எதுவும் இல்லை என்பது அவர்கள் வாதம். அவையின் உள்நோக்கத்தைச் சொற்களிலிருந்து மட்டும் ஊகிப்பது ஆபத்து என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே 782ஆம் தீர்மானத்தின் முதல் பகுதி பணி விதிமுறைகளைத் திருத்தி, நேர்மையின் உயர்தரத்தை எட்டாத நடத்தையையும், நியமனத்துக்கு முன் தெரியவராத தகவல்களையும் நிரந்தர ஊழியரை நீக்குவதற்கான காரணங்களாகச் சேர்த்தது. நீக்கும் வாயிலை முதல் பகுதி அகலமாக்கியது. திரும்பி வரும் வாயிலை இரண்டாம் பகுதி ஒடுக்கியது. அன்றே நிறைவேறிய 785 அ தீர்மானம், இழப்பீட்டைத் தர மறுக்கும் உரிமை பொதுச்சபைக்கு உண்டா என்று மட்டும் ஹேக்கைக் கேட்டது. வேலையைப் பற்றி அது கேட்கவேயில்லை. கேட்காததற்கு நீதிமன்றம் பதில் சொல்லவும் இல்லை. சாசனத்தில் வெளிப்படையாக இல்லாத ஒரு தீர்ப்பாயத்தை நிறுவும் அதிகாரம் பொதுச்சபைக்கு உண்டு என்றும், நிறுவிய பின் அதன் தீர்ப்பு சபையையே கட்டுப்படுத்தும் என்றும் நீதிமன்றம் காட்டிய தர்க்கம் அபாரமானது. ஆனால் அந்தத் தர்க்கம் பணத்தைக் காத்தது, பணியைத் தொடவில்லை. வருங்காலத்துக்காகச் சட்டவிதியைத் திருத்திக்கொள்ளும் உரிமை சபைக்கு உண்டு என்பதை நீதிமன்றம் ஏற்றிருந்தது. 1955இல் தீர்ப்புகளை மறுபரிசீலனைக்கு அனுப்பும் புதிய வழி உருவானது அந்த உரிமையின் பேரில்தான்.

பொதுச்செயலாளருக்கு விருப்பமில்லாத ஒருவரை அவர் தலையில் கட்டி வேலை வாங்க முடியாது, உலகில் எங்கும் இது நடைமுறை அல்ல என்ற ஆட்சேபத்தை நீண்ட நேரம் பரிசீலிக்க வேண்டியதில்லை. இந்தியத் தொழிலாளர் நீதிமன்றங்கள் நிலுவைச் சம்பளத்தோடு மீண்டும் பணியில் அமர்த்தும் ஆணையைப் பல பத்தாண்டுகளாகப் பிறப்பித்துவருகின்றன. அதனால் எந்தத் தொழிற்சாலையும் இடிந்துவிழவில்லை. ஜெனிவாவிலிருந்து எழும் ஆட்சேபமே கனமானது. அங்குள்ள சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் நிருவாகத் தீர்ப்பாயம், இதே விசுவாசச் சோதனையால் யுனெஸ்கோவில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாத அமெரிக்கர்களின் மனுக்களை 1955இல் விசாரித்தது. டூபெர்க் வழக்கில் அது நிருவாகத்தின் முடிவை ரத்து செய்தது. ஆனாலும், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க முன்வராவிட்டால் இன்ன தொகை தர வேண்டும் என்று ஒரு மாற்று வழியையும் கூறியது. அங்கும் வேலைக்குப் பதில் பணம்தானே, நியூயார்க்கை மட்டும் குறை சொல்வானேன் என்று கேட்கலாம். வேறுபாடு யார் தீர்மானிக்கிறார் என்பதில் இருக்கிறது. அந்தத் தீர்ப்பாயத்தின் சட்டவிதி 8ஆம் உறுப்பின்படி, ரத்து செய்வது இயலுமா, உகந்ததா என்று எடைபோடுபவர்கள் நீதிபதிகள். தொகைக்கு வரம்பும் இல்லை. டூபெர்க் வழக்கில் மாற்று வழியைத் திறந்ததும் அதன் விலையைக் குறித்ததும் அவர்களே. நியூயார்க்கில் அந்த வழி எப்போதும் திறந்தே இருக்கிறது. விலையின் உச்சத்தை முன்கூட்டியே பொதுச்சபை குறித்துவைத்திருக்கிறது. ஒரே அரசின் நெருக்கடியிலிருந்து கிளம்பிய ஒரே வகை வழக்கு, பரிகாரத்தை யார் எழுதினார் என்பதைப் பொறுத்து இரு ஊர்களில் இரு விதமாக முடிந்தது.

நிருவாகத்தின் தரப்பில் சொல்வதற்கு நியாயம் இருக்கிறது என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். ஹாமர்ஷால்ட் 1953 நவம்பரில் புலனாய்வுத் துறையினரைத் தலைமையகக் கட்டடத்திலிருந்து வெளியேறச் செய்தார். செலவில் மிகப் பெரும் பங்கைத் தரும் நாட்டின் காங்கிரஸ் சீறிக்கொண்டிருந்த வேளையில், நான்கு வேலைகளை விட்டுக்கொடுத்து ஒரு கட்டடத்தை மீட்டார் என்று அவருக்காக வாதிடலாம். அன்றைய முடிவு என்ற அளவில் இது ஏற்கத்தக்கது. ஆனால் நெருக்கடிக்காகச் செய்த ஏற்பாட்டை நிரந்தரச் சட்டமாக்கியதற்கு இந்த வாதம் பதிலாகாது. அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த மெக்கார்த்தி காலம் முடிந்தது. 1955இன் மறுபரிசீலனை வழியும் 1995இல் ஒழிக்கப்பட்டது. 9ஆம் உறுப்பின் திருத்தம் மட்டும் அசையவில்லை.

2009 ஜூலை 1இல் பழைய தீர்ப்பாயத்தின் இடத்தில் பூசல் தீர்ப்பாயமும் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் செயல்படத் தொடங்கின. சுதந்திரமான, தொழில்முறை நீதிபதிகள் வந்தனர். காலங்காலமாகத் தேங்கிக் கிடந்த முறை மாறியது. இவை பெரிய முன்னேற்றங்கள். எனினும் புதிய சட்டவிதியின் 10ஆம் உறுப்பைத் திறந்தால், 1953 அங்கே உட்கார்ந்திருக்கிறது. நியமனம், பதவி உயர்வு, பணிநீக்கம் ஆகியவை பற்றிய வழக்கில் முடிவை ரத்து செய்யும் நீதிபதி, அதற்கு மாற்றாக நிருவாகம் விரும்பினால் தரக்கூடிய தொகையையும் குறித்தாக வேண்டும். தொகை வழக்கமாக இரண்டாண்டு நிகர அடிப்படைச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. தாண்டுவது அசாதாரண நேர்வுகளில் மட்டும், காரணம் காட்டி. பழைய வாசகத்தில் எஞ்சியிருந்த அமைப்பின் நலன் என்ற சொற்கூட இதில் இல்லை. நிருவாகம் தேர்ந்தெடுத்தால் போதும். நாடுகளுக்கும் செயலகத்துக்கும் ஊழியருக்கும் இடையே நியாயமான கருத்து வேறுபாடுகள் இருக்கும், இருக்கவும் வேண்டும். ஆனால் அவ்வேறுபாட்டில் ஒரு தரப்பின் பார்வை, தகராறு தொடங்கும் முன்பே பரிகாரத்துக்குள் எழுதப்பட்டுவிட்டால், பிறகு யார் வழக்கில் வென்றாலும் அந்தத் தரப்புக்குத் தோல்வி வராது.

பல்கலைக்கழகங்களில் சர்வதேச அமைப்புச் சட்டம் கற்பிப்போர் 1954இன் ஆலோசனைக் கருத்தைத் தொடர்ந்து பாடமாக வைக்கட்டும். அதனோடு 1953 டிசம்பர் 9இன் 782 ஆ தீர்மானத்தையும் மாணவர் கையில் கொடுக்க வேண்டும். ஐ.நா. பணியாளர் சங்கங்கள் அடுத்த சீர்திருத்தப் பேச்சுக்குச் செல்லும்போது முதலில் கேட்க வேண்டியது, வேலையைத் திருப்பித் தருவது உகந்ததா என்று எடைபோடும் அதிகாரத்தை நிருவாகத்திடமிருந்து நீதிபதியிடம் மாற்ற வேண்டும் என்பதே.