டெல்ஃபி மலைக் கோயிலில் ஒரு மரணம்

இன்னைக்கு கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் மருத்துவம்.

கிரீஸ் நாட்டில் ஏதென்ஸிலிருந்து பஸ்ஸில் சுமார் மூணு மணி நேரம் போனா டெல்ஃபி வரும். பார்னசஸ் மலைச்சரிவில் இடிந்து கிடக்கும் அப்போலோ கோயில். அடித்தளமும், ஆய்வாளர்கள் எடுத்து நிறுத்திய சில தூண்களும்தான் இப்போ மிச்சம்.

போனீங்கன்னா தூண்களோடு செல்ஃபி எடுத்துட்டு கிளம்பிடாதீங்க. கருவறை இருந்த இடத்தையும் பாருங்க. அங்கேதான் பித்தியா என்ற பெண் பூசாரி முக்காலியில் உட்கார்ந்து அருள்வாக்கு சொல்வார். போருக்குப் போகலாமா, புது ஊர் அமைக்கலாமா என்று மன்னர்களும் நகரங்களும் இவரிடம் கேட்டுத்தான் முடிவெடுத்தாங்க.

அருள் எப்படி வந்தது? பூமிக்குள்ளிருந்து வரும் ஆவி என்றார்கள் பழைய எழுத்தாளர்கள். அங்கே பூசாரியாகவே இருந்த புளூடார்க், சில நேரம் நறுமணம் வீசும் என்று எழுதியிருக்கார்.

2001ல் ஒரு ஆய்வுக்குழு, கோயிலுக்கு அடியில் நிலப்பிளவுகள் சந்திப்பதையும், பக்கத்து ஊற்று நீரில் எத்திலீன் வாயு சிறிதளவு இருப்பதையும் சொன்னாங்க. எத்திலீன் இனிப்பு வாசனை கொண்டது. 1920களில் இருந்து பல ஆண்டுகள் மயக்க மருந்தாகவே பயன்பட்டது. சுலபமா தீப்பிடிக்கும் என்பதால் பிறகு கைவிட்டாங்க. ஆனா அந்த இடத்தில் ஆளை மயக்கும் அளவுக்கு எத்திலீன் உருவாக வாய்ப்பில்லை என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்தாங்க. விவாதம் இன்னும் முடியல.

என்னை யோசிக்க வைத்தது வாயு இல்லீங்க. புளூடார்க் பதிவு செய்த ஒரு மரணம்.

பித்தியா உள்ளே போகுமுன் ஒரு சோதனை உண்டு. பலி ஆட்டின் மேல் குளிர்ந்த தண்ணி ஊத்துவாங்க. உடம்பு முழுக்க நடுங்கினா உத்தரவு, இல்லைன்னா அன்னைக்கு வாக்கு கிடையாது. நம்ம ஊர் கோயில்களிலும் ஆட்டு மேல தண்ணி தெளிச்சு சிலிர்க்குதான்னு பார்ப்பாங்களே, அதே மாதிரி.

ஒருநாள் வெளிநாட்டுத் தூதர்கள் வந்திருந்தாங்க. ஆடு நடுங்கல. அவங்களைத் திருப்பி அனுப்ப மனசில்லாம, ஆடு கிட்டத்தட்ட மூழ்கிற அளவுக்கு தண்ணியை ஊத்தி ஒருவழியா நடுங்க வச்சுட்டாங்க. விருப்பமே இல்லாம பித்தியா உள்ளே போனார். குரல் கரகரத்தது. கடைசியில் அலறிக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்து விழுந்தார். சுத்தி இருந்தவங்க பயந்து ஓடிட்டாங்க. பிறகு வந்து தூக்கியபோது நினைவு இருந்தது. ஆனா சில நாட்களில் இறந்துட்டார்.

அவர் எதனால் இறந்தார்னு இத்தனை தூரத்திலிருந்து என்னால் சொல்ல முடியாது. ஆனா அன்னைக்கு வேண்டாம்னு சொல்லத்தான் அந்த சோதனையே இருந்தது. அது சொல்லவும் செய்தது. காத்திருந்தவங்க பெரிய இடம் என்பதால், வேண்டிய பதில் வரும்வரை தண்ணி ஊத்தினாங்க.

ஆஸ்பத்திரியில் இதை அடிக்கடி பார்க்கிறோம். சர்க்கரை கட்டுக்குள் வரல, ஆபரேஷனைத் தள்ளி வைப்போம்னு சொன்னா, "பையன் லீவு போட்டு வெளிநாட்டிலிருந்து வந்திருக்கான் டாக்டர், எப்படியாவது முடிச்சு விடுங்க" என்பாங்க. செக்கப்புக்கு முந்தைய ரெண்டு நாள் மட்டும் பத்தியம் இருந்துட்டு வருவாங்க. நாங்களும் சில நேரம் அவசரப்படுவோம்.

மயக்க மருந்து டாக்டர் "இன்னைக்கு வேண்டாம்" என்றால், தயவுசெய்து அவரிடம் சண்டை போடாதீங்க. ஏன்னு கேளுங்க, அடுத்த தேதி எப்போன்னு கேளுங்க. படுக்கையில் இருப்பவருக்கு பயமா இருந்தா, அதையும் காது கொடுத்துக் கேளுங்க.